சாவு வீட்டில் நாலாம் அதிகாரம்

செத்து உயிர்த்தெழுந்த லாசருவின் கதையைத் தேடிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த உபதேசியார் செல்லப்பாண்டியின் வேதப்புத்தகத்தின் மேல் வைகுண்டராஜ் கையை வைத்தார்.

"அது வேணாம் தம்பி. யோவான் நாலாம் அதிகாரம் வாசி."

"அண்ணே, இது சாவு வீடு. கிணத்தடியில நடந்த கதைய இங்கன எப்பிடி வாசிக்கிறது?"

"என் பொண்டாட்டி தெனமும் முழங்கால்போட்டு அதத்தான நெனச்சுக்கிட்டிருந்தா. அதையே வாசி."

ஞானபாக்கியம் விடியற்காலையில்தான் கண்ணை மூடியிருந்தாள். மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி இந்த வேலையில் அமர்த்திய நாள்முதல் இருபது வருஷம், போடியிலிருந்து மலையடிவாரத்து ஊர்களுக்கு நடந்து, வீடு வீடாக வேதம் வாசித்த மனுஷி. ஒருவர்கூட ஞானஸ்நானம் வாங்கவில்லை. சபைக்கூட்டத்தில் அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் செல்லப்பாண்டிக்குச் சோறு இறங்காது. அவளோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

"யூதரு பொழங்காத சாதிக்காரிகிட்ட, கிணத்தடியில இயேசு தண்ணி கேட்டாரு. அந்தச் சமாரியப் பொம்பள குடுத்தாளா இல்லையான்னு யோவான் எழுதவே இல்ல பாருங்க. நாம குடுக்கட்டும்னு எடம் விட்டிருக்காரு" என்பாள் புருஷனிடம்.

அவள் நடந்த நடையெல்லாம் வீண் என்று சொல்லிப் புதைத்துவிடுவார்களோ என்பதுதான் இன்று வைகுண்டராஜின் பயம்.

வாசித்து முடிக்கும்போது மொக்கம்மாள் வந்தாள். அடிவாரத்தில் நிலம் வைத்துப் பயிர்செய்யும் மேல்சாதிச் சம்சாரி வீட்டுக்காரி. ஞானபாக்கியத்தை மாட்டுக்கொட்டத்தில் உட்காரவைத்து ஆசையாக வேதம் கேட்பாள். ஆனால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை, இவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட்டதுமில்லை. சாதிக்கட்டு அப்படி.

தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, ஆறு மைலு வெயில்ல ஓடியாந்தேன். குடிக்கத் தண்ணி குடுங்க."

செல்லப்பாண்டிதான் பதறினார். "ஆத்தா, எதுத்தாப்புல ஒங்க ஆளுக வீடு இருக்கு. அங்கன வாங்கித் தரச் சொல்லவா?"

"வேணாம். இந்த மகராசி பொழங்குன செம்புலயே குடுங்க."

வைகுண்டராஜுக்கு என் பெண்டாட்டி நடந்த நடையைப் பாருங்கடா என்று கடைவீதி கேட்கக் கத்தவேண்டும்போல இருந்தது. யாரையும் ஏவவில்லை. "வழி விடு தம்பி" என்று உபதேசியாரைத் தாண்டிப்போய், பானையிலிருந்து தாமே மொண்டு வந்தார்.

அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். மொக்கம்மாள் செம்பை இரண்டு கையாலும் வாங்கி, வாய் வைத்துக் குடித்தாள்.