கடைசி ரவுண்டில் கத்தாதீங்க

வர்ணனையாளர் ஆவதற்கு முன் அவர் குத்துச்சண்டை நடுவராக இருந்தார். மேடை ஏறிய கடைசி ஆட்டத்தில், அடிபட்டுத் தள்ளாடிய ஒரு வீரனின் கையுறைகளைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, கண்ணுக்குள் பார்த்து, "முடியுமா?" என்று கேட்டார். "முடியும் சார்" என்றான். ஆட்டத்தைத் தொடர விட்டுவிட்டார். அடுத்த குத்தில் விழுந்தவன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விசாரித்தவர்கள் நடுவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அதன்பின் மேடைப் படிவரை போய்ப் போய்த் திரும்பினாரே தவிர, அவரால் ஏற முடியவில்லை.

டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். குரல் கைகொடுத்தது. மேடையில் ஒருவன் சாயும் நேரத்தில் அவர் போடும் கத்தலைப் பிள்ளைகள் தெருவில் போட்டுக் காட்டினார்கள். "அங்க அந்தக் கத்து கத்துறீங்க, வீட்டுக்கு வந்தா மட்டும் வாய்க்குப் பூட்டா?" என்பாள் மனைவி. தூக்கத்தில் அவர் "முடியுமா, முடியுமா" என்று கேட்பதை மட்டும் அவள் கேலி செய்ததில்லை.

ஒரு நாள் ஸ்டூடியோ வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம். அந்த வீரனின் மனைவி. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்கு யாரையும் அடையாளம் தெரியல சார். என்னையே அக்கான்னுதான் கூப்பிடுறாரு. ஆனா டிவியில உங்க குரல் கேட்டாத்தான் வாயைத் திறந்து சாப்பிடுறாரு."

"நான் யாருன்னு உங்களுக்கு..."

"தெரியும். அதைப் பேச வரல. கடைசி ரவுண்டுல கத்தாதீங்க சார். நீங்க கத்தினா தலையைப் பொத்திக்கிட்டு மூலையில போய் உக்காந்துடுறாரு. அப்புறம் அன்னிக்குப் பட்டினிதான்."

"நான் ஒரு தடவை வந்து பாக்கட்டுமா?"

"வேணாம் சார். குரல் மட்டும் போதும்."

அடுத்த ஆட்டத்தில் ஒருவன் மல்லாந்து விழுந்தான். அரங்கமே எழுந்து கூச்சல் போட்டது. அவர் தணிந்த குரலில், "விழுந்துட்டார். ஒண்ணும் இல்ல. டாக்டர் வந்துட்டார்" என்றார்.

காதில் மாட்டியிருந்த இயர்போனுக்குள் தயாரிப்பாளர் அலறினார். "என்ன சார், எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுறீங்க!"

அதன்பின் எந்த ஆட்டத்திலும் அவர் குரல் உயரவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்து அலுத்தவர்கள் அவரைப் பில்லியர்ட்ஸுக்கு மாற்றினார்கள். சம்பளம் பாதியானது. அந்தப் பெண் ஒரே ஒரு முறை போன் செய்தாள். "இதையும் கேக்குறாரு சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பில்லியர்ட்ஸில் பந்து ஓடும்போது வர்ணனையாளர் பேசக் கூடாது. அவருக்கோ ஒரு நொடி வாயை மூடினாலும், எங்கோ ஒரு கரண்டி பாதி வழியில் நிற்பது போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "மெதுவா வருது... அவசரமே இல்ல... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்..."

"சார்," என்றார் காதுக்குள் தயாரிப்பாளர், "பந்து குழியில விழுந்து எவ்வளவு நேரமாச்சு!"

அவர் நிறுத்தவில்லை.