புதுசாக்கின டயல்

ஆறு வருஷம் நாயா அலைஞ்சு வாங்கின வாட்ச். டயலைச் சுத்தி உலகத்து ஊர்ப் பேரெல்லாம் இருக்கும். எந்த ஊர்ல மணி என்னன்னு ஒரே பார்வையில தெரியும். அதுல பாதிப் பேர் இப்போ மாறிப்போச்சு. அந்தப் பழைய பேருக்கும் பழுப்பேறின டயலுக்கும்தான் மதிப்பே.

நான் நாலு நாள் வெளியூர் போன நேரத்துல, என் மச்சினன் அதை ரிப்பேர் கடையில கொடுத்து, டயலுக்குப் பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, ஊர்ப் பேரையெல்லாம் புதுசா மாத்தி எழுதி வாங்கிட்டு வந்திருக்கான்.

"உங்க பிறந்தநாளுக்குத்தான் மாமா..."ன்னு இழுத்தான்.

"அறிவு இருக்காடா? பழசுன்னா பழசாத்தான் இருக்கணும்! வயசை மறைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாடா?"ன்னு கத்தினேன்.

என் பொண்டாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தா.

"மெதுவா கத்துங்க. தலையில தடவின டை சட்டையில வழியுது."