தும்மலுக்கு ஒரு ஹாரன்

"அம்மா, உனக்கு வர்ற தும்மலை உனக்குப் பதிலா வேற யாராவது தும்மக் கூடாதா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்க்கும் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கெல்லாம் ஆள் வைக்க முடியாதுடி" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பதில் தப்பு என்று தெரியவருவதற்குள் மகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள்.

நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக மரங்கள். வருடத்துக்கு ஒருமுறை அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் பூக்கும். பெஞ்சு, பெட்டி, வழுக்கைத் தலை என்று பேதம் பார்க்காமல் மஞ்சள் தூள் படியும். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு அந்த ஒன்றரை மாதமும் மூக்கு தனிக்குடித்தனம் நடத்தும்.

சும்மா ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்றால் அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு. மூக்கடைப்பைத் திறக்கும் மாத்திரை அழுத்தத்தை ஏற்றிவிடும். "மூக்கைத் திறக்கிறேன்னு தலையைத் திறந்துடாதீங்க" என்றார் டாக்டர். வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அதில் தூக்கம் வருமாம். அந்த ஒருவர் அவள்தான்.

முதல் நாளே மைக்கின் முன் கண் சொக்கியது. "மெத்தை வழியாகத் தலையணை செல்லும் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று அறிவித்துவிட்டாள். திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால் மூன்றாம் நடைமேடையில் நல்ல கூட்டம். அவள் உட்காரும் கண்ணாடிக் கூண்டின் ஓட்டை வழியாக ஒருவர் கேட்டார்.

"தலையணை வண்டி போர்வையில நிக்குமாம்மா?"

"அப்படி வண்டியே இல்லீங்க. தூக்கத்துல சொல்லிட்டேன்."

"வண்டி இல்லேன்னா இவ்ளோ பேர் எதுக்கு நிக்கிறாங்க? வரட்டும், ஏறிட்டுத்தான் போவோம்."

அன்று பொழுது சாயும்வரை அவர்கள் கலையவில்லை.

மாத்திரையை நிறுத்தினாள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினாள், ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினாள். முகக்கவசம் போட்டுப் பேசினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. ஆனது ஆகட்டும் என்று தும்மிக்கொண்டே வேலை பார்த்தாள். புதிதாக வந்த மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. அவர் வாங்கிப் பொருத்திய புது இயந்திரத்தில் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஒரு நிமிடத்துக்கு மைக் மூடாது. தும்மல் வந்தால் ஊருக்கே கேட்டது.

"ஜனங்க பயப்படுறாங்கம்மா. நாளைக்கு நானே வெளியில உக்காந்து கேக்கப்போறேன். ஒரு தும்மல் கேட்டாலும் உங்களைப் பார்சல் ரூமுக்கு மாத்திடுவேன்."

பார்சல் அறையில் மனிதர்களைவிடத் தூசி அதிகம். அங்கே மூட்டையும் தூக்க வேண்டும். அவள் மூக்கும் அழுத்தமும் ஒரு வாரம்கூடத் தாங்காது. வேலையை விட வேண்டியதுதான். இரவு சாமி படத்தின் முன் நின்றவளுக்கு, கடவுளிடம் மூக்கைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சமாக இருந்தது. கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மேலாளர் நடைமேடை நடுவில் நாற்காலி போட்டு, காதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கி, "பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்று அவள் தொடங்கியதுமே மூக்கின் நுனியில் அது வந்துவிட்டது. கண்கள் மூடின, முகவாய் உயர்ந்தது. தும்மிய அதே நொடியில் எதிரே நின்ற பேருந்தின் ஹாரன் அலறியது. தும்மல் இருந்த இடம் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கையில் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அளந்து பேசுவதால் அவரை எல்லோரும் 'பிரேக்' அண்ணன் என்பார்கள். அடுத்த தும்மலுக்கும் அவர் வண்டிதான் அலறியது. மதியத்துக்குள் மற்ற ஓட்டுநர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகவாய் உயர்ந்தால் போதும், நிலையமே ஊதியது.

மேலாளர் நாற்காலியோடு எழுந்தார்.

"யாருய்யா முதல்ல ஆரம்பிச்சது?"

"நான்தான்" என்றார் பிரேக் அண்ணன்.

"எதுக்கு?"

"கை பட்டுடுச்சு சார்."

தண்டனையாக அவருடைய வண்டியின் ஹாரனைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த தும்மலுக்கு அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பாம்ம்" என்று வாயாலேயே கத்தினார். மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாயைக் கழற்ற அதில் வழி சொல்லவில்லை. சாயங்காலம், 'தும்மல் எதுவும் கேட்கவில்லை. காது மட்டும் கேட்கவில்லை' என்று அறிக்கை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். அவளுடைய நாற்காலி அவளுக்கே நிலைத்தது.

மறுநாள் மதியம் நன்றி சொல்ல ஓட்டுநர்களின் ஓய்வறைக்குப் போனாள். பிரேக் அண்ணன் வயிற்றில் ஊசி போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"சர்க்கரையா அண்ணே?"

"ரொம்ப வருஷமா. ஊசி போட்டா உடனே வயிறாரச் சாப்பிடணும். எங்க, பாதியிலதான் உன் குரல் வந்துடுதே. மீதியை ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே முழுங்குறேன்." குறையாகச் சொல்லவில்லை, சிரித்தார். "போம்மா. பேச்சுல நேரம் போயிடும்."

நன்றி சொல்லாமலே வெளியே வந்தாள். மதியம் ஒரே தடத்தில் இரண்டு பேருந்துகள் அடுத்தடுத்துப் புறப்படும். எதை முதலில் அழைப்பது என்பது அறிவிப்பாளரின் விருப்பம். கண்ணெதிரே நிற்கிறதே என்று இத்தனை வருடமும் அவருடையதைத்தான் முதலில் அழைத்திருக்கிறாள்.

கூண்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பொத்தானை அமுக்கி, அவர் வண்டிக்குப் பின்னால் நின்ற வண்டியின் எண்ணை வாசித்தாள். அது புறப்பட்டுப் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓய்வறை ஜன்னல் கூண்டிலிருந்து நேர் எதிரே தெரிந்தது. அவர் தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார். கடைசிக் கவளமும் இறங்கி, அவர் கை கழுவ எழும்வரை அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே காத்திருந்தது.