படகுக்குப் பூ கேட்டவர்கள்

பகலவனுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி விழும், காரணம் பிறகுதான் வரும். அன்று காலை கடையில் தம்பி சுபாஷின் கன்னத்தில் பளாரென்று அறைந்து முடித்த பிறகே வாயைத் திறந்தான்.

"இன்னாடா, பெரிய படகா? கெழவன் கெழவி போற படகுல நான் குந்திக்கினு போவணுமா?"

சுபாஷ் திருப்பி அண்ணனின் சட்டையைப் பிடித்தான். இருவரும் மோதியதில் அலமாரி ஆடி, பூச்சிமருந்து டப்பாக்கள் சடசடவென்று உருண்டன. ஒன்று இலக்கியாவின் காலடியில் வந்து நின்றது. சுபாஷைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். தன் கை தானாக வயிற்றை மூடப் போவதைக் கவனித்து, முந்தானையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள்.

அண்ணன் தம்பி சேர்ந்து கச்சிராயபாளையத்தில் நடத்தும் உரக்கடை அது. கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்து விற்றுத் தள்ளியதற்காக ஒரு கம்பெனி இரண்டு ஜோடிக்கும் அந்தமான் டூர் கொடுத்திருந்தது. அதில் ஒரு நாள் முழுக்கப் படகில் தீவு தீவாகச் சுற்றலாம். எந்தப் படகு என்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும், ஒரு கடைக்கு ஒரே படகுதான் என்று கம்பெனிப் பையன் போனில் படம் அனுப்பியிருந்தான். ஒன்று ஸ்பீட் போட். அலைமேல் எகிறி எகிறிப் பறந்து நாலு தீவைக் காட்டிவிட்டு வரும். இன்னொன்று பெரிய படகு. ஆடி அசைந்து இரண்டே தீவுக்குப் போய், மதியச் சாப்பாடு போட்டுக் கூட்டிவரும்.

போன வருஷம் கள்ளக்குறிச்சி உரக்கடை நாராயணசாமி ஸ்பீட் போட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அன்றிலிருந்து பகலவனுக்குத் தூக்கம் கெட்டது. நாராயணசாமி நாலு தீவு பார்த்திருக்க இவன் ரெண்டு பார்ப்பதா? மானம் இருக்கிற இடத்தில் மூளை இருப்பதில்லை, அந்த வீட்டு ஆண்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

ஸ்பீட் போட் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. அந்த வரியை இலக்கியா சுபாஷிடம் மட்டும் காட்டியிருந்தாள்.

அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. இதற்கு முன்னால் ஒரு முறை அப்படி ஆனபோது தெருவெல்லாம் சொல்லி, இனிப்பு கொடுத்து, மூன்றாம் மாதம் கலைந்துபோனது. உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்து பார்த்த அம்மா காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனாள். "எல்லாம் கண்ணுதான். அடுத்த தபா நாலு மாசம் ஆவற வரைக்கும் மூச்சு வுடாத. உன் ஓரகத்திக்கு மட்டும் தெரியவே கூடாது. கொழந்த இல்லாதவ கண்ணு கருங்கல்லையும் பொளக்கும்."

ஓரகத்தி என்பது பகலவனின் மனைவி சந்தியா. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. இலக்கியாவுக்குக் கலைந்த அன்று ரத்தத்துணியை அலசிப் போட்டவள் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் மறைப்பது இலக்கியாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இந்தக் குழந்தையும் போனால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். படகில் ஏறாமல் கரையிலேயே இருந்துகொள்ளலாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். டூருக்கே வரவில்லை என்றாலும் அதே கேள்விதான். விமானத்தில் போகலாம், குலுங்கல் மட்டும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, பெரிய படகு ஒன்றுதான் வழி. அதற்காகத்தான் சுபாஷ் காரணம் சொல்ல முடியாமல் அண்ணனிடம் அறை வாங்கிக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த சந்தியாதான் இருவருக்கும் நடுவில் புகுந்தாள். அவள் முதுகிலும் ஒரு குத்து விழுந்தது. அதை அவள் சட்டை செய்யவில்லை.

"அடிச்சிக்கினு சாவறீங்களா ரெண்டு பேரும்? போட்டுக்கோசரம் கடைய ஒடைப்பீங்களா? முனியப்பன்கிட்ட பூ போட்டுப் பாருங்க. சாமி எத சொல்லுதோ அதுல போவலாம்."

அந்த வீட்டில் போர்வெல் போடுவதிலிருந்து பெண் எடுப்பது வரை முனியப்பனைக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி மடித்து, சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் பெரிய படகு, சிவப்பு வந்தால் ஸ்பீட் போட் என்று பேசி முடித்தார்கள். பகலவன் மூச்சிரைத்தபடி ஒத்துக்கொண்டான். யாருக்கும் அடங்காதவன் கூட முனியப்பனை எதிர்க்க மாட்டான்.

சுபாஷிடம் விட்டிருந்த பூ மடிக்கிற வேலையை, மற்ற இருவருக்கும் தெரியாமல், இலக்கியா கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலியோரம் நின்று வாழை இலையைக் கிழித்தாள். சிவப்பு அரளி கைக்கெட்டும் தூரத்தில்தான் பூத்திருந்தது. அதைத் தொடவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள். சாமி மன்னிக்கும், சாமிக்குக் காரணம் தெரியுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுபாஷிடம் கூடச் சொல்லவில்லை.

கோமுகி வாய்க்கால் கரையில், அவர்கள் கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருந்தது கோயில். கூரை கிடையாது. மலையைப் பார்த்து ஒரு கல், அதைச் சுற்றி நேர்ந்துகொண்டவர்கள் நட்டுவைத்த சூலமும் அரிவாளும். பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சந்தியா சூடம் ஏற்றினாள். சுபாஷ் பொட்டலங்களைக் குலுக்கிக் கல்லின்முன் போட்டான்.

"யாரு எடுக்கறது?" என்றான் பகலவன்.

"அக்காவே எடுக்கட்டும்" என்றாள் இலக்கியா.

சந்தியா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். கோயில் காரியத்துக்கும் நல்லது கெட்டதுக்கும் அவள் கையை யாரும் கேட்டதே இல்லை. வளைகாப்பு வீடுகளில் கடைசி வரிசையில் நின்று பழகியவள். "நானா?" என்று கேட்டு, கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டாள். குனிந்து கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். நாரைப் பிரித்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இலக்கியாவால் பார்க்க முடியவில்லை.

"வெள்ள" என்றாள் சந்தியா. "பெரிய படகு."

தோற்றுப்போனதை நம்ப முடியாதவன் என்ன செய்வான்? பகலவன் மிச்சமிருந்த பொட்டலத்தைக் காலால் தள்ளி, எடுத்து, நாரைப் பல்லால் கடித்துப் பிய்த்தான். அதிலிருந்தும் வெள்ளை அரளிதான் விழுந்தது.

பகலவனின் கழுத்து நரம்பு புடைப்பதை இலக்கியா பார்த்தாள்.

"எவன்டா கட்டனது இத?"

சுபாஷ் இலக்கியாவை ஒரு பார்வை பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான்" என்றான்.

மார்பில் விழுந்த உதையில் சுபாஷ் சூலங்களுக்கு நடுவே போய் விழுந்தான். எழுவதற்குள் முகத்தில் முட்டி இறங்கியது. மூக்குடைந்து ரத்தம் வாயில் வழிந்தது. பகலவன் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, கல்லின் பக்கவாட்டில் மோதினான்.

"சாமிய ஏமாத்துவியாடா? என்ன ஏமாத்து, ஒதைச்சிட்டுப் போவேன். சாமிய ஏமாத்துவியா?"

சுபாஷ் கைக்குக் கிடைத்த கல்லை எடுத்து அண்ணனின் தாடையில் அடித்தான். பகலவன் பல்லோடு எச்சிலைத் துப்பினான். இனி அது அண்ணன் தம்பிச் சண்டை இல்லை என்று இலக்கியாவுக்குப் புரிந்தது. "வாணாம் மாமா, வுட்டுடுங்க மாமா" என்று அவள் பகலவனின் முதுகைப் பிடித்து இழுத்தாள். அவன் பார்க்காமலே உதறியதில் வரப்போரம் போய் இடுப்படியாக விழுந்தாள். வலி சுரீரென்று ஏறியது. அந்த வலிக்கு என்ன அர்த்தம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது பகலவன் மண்ணில் நட்டிருந்த அரிவாள் ஒன்றைப் பிடுங்கியிருந்தான். துருவேறிய பழைய அரிவாள். சுபாஷ் மல்லாந்து கிடந்தான். சந்தியா இரண்டு கையாலும் கணவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். அவள் கால் மண்ணில் இழுபட்டது, செருப்பு அறுந்தது, பிடியை மட்டும் விடவில்லை.

"சொல்லித்தொலைடா, ஏன் பண்ண?" என்று கொழுந்தனைப் பார்த்துக் கத்தினாள். "சொல்லிடுடா, கொன்னுடுவாரு!"

சுபாஷ் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தான்.

"நான் முழுவாம இருக்கேன்!" என்று அலறினாள் இலக்கியா. "அதுல ஏறக் கூடாது மாமா! பூவ நான்தான் கட்டனேன்!"

அரிவாள் அந்தரத்தில் நின்றது. பகலவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். தாடை வழியே ரத்தம் சொட்டிய அந்த முகத்தில் கோபம் இறங்கி, குழந்தை முகம்போல் ஏதோ ஒன்று வந்தது.

"இன்னாம்மா சொல்ற? நம்ம வூட்ல கொழந்தையா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டூரே வாணாம்னு இருந்திருப்பேனே."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சந்தியா இலக்கியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் மணிக்கட்டைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது.

"என்னான்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

இலக்கியா தலையைக் குனிந்தாள்.

"என் கண்ணு பட்டுடும்னா?"

இல்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். சாமிக்கே பொய் சொன்னவளுக்கு அந்த நேரத்தில் மனுஷிக்குச் சொல்ல ஒரு பொய் வரவில்லை.

"ரெண்டும் வெள்ளைன்றதாலதான் என் கைய எடுக்கச் சொன்னியா?" என்றாள் சந்தியா. "எந்தக் கை எடுத்தா இன்னான்னு."

சொல்லிவிட்டு, பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள்.

தள்ளவும் இல்லை, தூண்டிவிடவும் இல்லை. விட்டாள், அவ்வளவுதான். பகலவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவளை ஊரெல்லாம் மலடி என்று சொன்னபோது நாலு பேரின் பல்லை உடைத்தவன் அவன். இப்போது அதே சொல் தன் வீட்டுக்குள்ளிருந்தே வந்திருந்தது. "இதுக்கு நீயும் உடந்தையாடா?" என்று தம்பியை நோக்கி அரிவாளை வீசினான். சுபாஷ் தலைக்குக் குறுக்கே தூக்கிய கையில் அது இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம், கரும்பு முறிகிற சத்தம் மாதிரியே கேட்டது.

பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டிய ஆட்கள் ஓடிவந்து பகலவனைக் கயிற்றால் கட்டினார்கள். அவன் திமிரவில்லை. தம்பியின் கை தொங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதான். சந்தியா கோயில் கல்லின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சுபாஷை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கை பிழைக்கும், விரல்கள் மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். பகலவனை போலீஸ் கூட்டிப்போனது. விழுந்தவள் என்பதால் இலக்கியாவைப் பிரசவ வார்டில் சேர்த்து ஸ்கேன் எடுத்தார்கள். நர்ஸ் திரையைத் திருப்பிக் காட்டினாள். துடிப்பு இருந்தது. இலக்கியா வாய்விட்டு அழுதாள். ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அந்த நினைப்பே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சந்தியா வந்தாள். மாற்றுத் துணியும் சாப்பாட்டுத் தூக்கும் கொண்டுவந்திருந்தாள். கட்டில் பக்கம் வராமல், சுவரைப் பார்த்தபடி நின்று, தூக்கைப் பின்பக்கமாக நீட்டி ஸ்டூலில் வைத்தாள்.

"அக்கா" என்றாள் இலக்கியா. "இங்க வாங்கக்கா. என்னப் பாருங்க."

"வாணாம். நான் திரும்ப மாட்டேன்." சந்தியா சுவரிடம்தான் பேசினாள். "நல்லா இருக்குதா? அத மட்டும் சொல்லு, போய்க்கினே இருக்கேன்."

"இருக்குதுக்கா. என்ன அடிச்சிடுங்கக்கா. ஒரு அறையாவது அடிச்சிடுங்க."

சந்தியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அந்த வார்டில் இரண்டு பக்கமும் கட்டிலுக்குக் கட்டில் பச்சைக் குழந்தைகள் கிடந்தன. இலக்கியா ட்ரிப்ஸ் ஊசியோடு எழ முயன்று, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சந்தியா முந்தானையை முகத்தின்மேல் முழுசாக இழுத்துவிட்டு, எந்தக் குழந்தையையும் பார்த்துவிடாமல், சுவரைத் தடவித் தடவி வெளியே போனாள்.