யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

அந்தச் சாம்பல் நிறப் பெட்டி எதற்காக ஓடுகிறது என்று எங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. சர்வர் அறையின் மூலையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் தூசி மண்டிக் கிடந்தது. அதன்மேல் பெயர்ச்சீட்டு கிடையாது. வைத்தவர் எப்போதோ ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

ராஸ்ப்பெரிப் பழத்தை வாங்கி, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புவது எங்கள் தொழில். மேற்கு செர்பியாவில் மலைக்கு ஒரு குளிர்கிடங்கு உண்டு, எங்களுடையது பெரியது. கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் நானும் என் நாற்காலியும்தான்.

முதலாளியின் மகன் ஓக்னியென் வியன்னாவில் படித்துவிட்டு வந்து இறங்கினான். பயணப் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டான், மின்கட்டண ரசீதோடு என் முன்னால் வந்து நின்றான்.

"நெவெனா, பாதி மெஷின் சும்மா தூங்குது. இத்தன பெட்டி செய்யற வேலைய ரெண்டே பெட்டி செய்யும். மீதிய அணைச்சுடலாம்."

"சரிங்க சின்ன முதலாளி. அப்படியே என்னையும் அணைச்சுடுங்க, இன்னும் மிச்சமாகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதை ஒப்புக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல். கொள்முதல், சம்பளம், ஏற்றுமதி என்று சிதறிக் கிடந்ததையெல்லாம் இரண்டு புதிய சர்வர்களுக்கு மாற்றினேன். எதற்கெடுத்தாலும் மூக்கால் அழும் கணக்குப் பிரிவே 'பறக்குது' என்றது. மிஞ்சியது அந்தச் சாம்பல் பெட்டி.

கம்ப்யூட்டர் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எதற்கென்று தெரியாத மெஷினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். யாராவது கத்தினால் அது அவர்களுடையது. யாரும் கத்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். ஓக்னியெனுக்கும் இது தெரிந்திருந்தது.

"அணைங்க. யார் கத்துறாங்க பாப்போம்" என்றான்.

பிளக்கைப் பிடுங்கியது நான். அந்த வாரம் முழுவதும் ஒருவரும் கத்தவில்லை.

வாரக் கடைசியில் பேதுரு திருநாள் வந்தது. குளிரறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மிலுதின் வீட்டில் அன்று ஸ்லாவா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர். அவருடைய நாளில் யாரையும் அழைப்பதில்லை, தெரிந்தவர்கள் தாமாகவே போவார்கள். காவலாளி புதிமிரைக் கிடங்கில் விட்டுவிட்டு மொத்த நிறுவனமும் அங்கேதான் இருந்தது. வாசலில் ஆளுக்கொரு கரண்டி வேகவைத்த கோதுமை, ஒரு வாய் ராக்கியாச் சாராயம்.

வீட்டுக்காரனை மட்டும் காணோம். காலையில் பழ லாரிகள் வந்திருந்தன. "ரெண்டு லோட உள்ள தள்ளிட்டு ஓடி வந்துடறேன்" என்று போயிருந்தான். மேசையில் வட்ட ரொட்டி வெட்டப்படாமல் இருந்தது. பாதிரியாரும் வீட்டுக்காரனும் சேர்ந்து பிடித்துச் சுற்றி, பிட்டால்தான் விழா தொடங்கும்.

"எங்கடி உன் ஆளு?" என்று அவன் மனைவி ஸ்தோயங்காவைச் சீண்டினேன்.

"பழத்தோட பேசிட்டு இருப்பாரு. என்கிட்ட பேசறதவிட அதுகிட்டதான் ஜாஸ்தி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிரியார் மெழுகுவர்த்தியைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். ஸ்தோயங்கா மறுபடி போன் செய்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"நெவெனா," என்றாள் என் காதருகே. குரலில் கேலி போயிருந்தது. "காய்ச்சலா கெடந்தப்பக்கூட இந்த மெழுகுவர்த்திய அவருதான் ஏத்துவாரு. எனக்கு என்னமோ பண்ணுது."

எனக்கும் பண்ணியது. எங்கள் ஊரில் மனிதன் கல்யாணத்துக்குத் தாமதமாக வருவான், சொந்த ஸ்லாவாவுக்குத் தாமதிக்க மாட்டான். வெளியே போய்ப் புதிமிருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, மிலுதின் கெளம்பிட்டானா?"

"காரு இங்கதாம்மா நிக்குது. குளிச்சுட்டு இருப்பான்."

"குளிரறைக்குள்ள இருப்பானோ?"

"மாட்டிக்கிட்டா உள்ள இருக்கற அபாயப் பொத்தான அழுத்துவானே! இங்க மணி அடிச்சு ஊரக் கூட்டிடும். விளக்குப் பலகையில எல்லா அறையும் பச்சையாத்தாம்மா எரியுது."

"அந்த மணி கடைசியா எப்போ அடிச்சுது?"

"தெனம் காலைல சோதனைக்குக் கீச்சுனு ஒரு தடவ அடிச்சு உயிர வாங்கும். இந்த வாரமா அந்தத் தொல்ல இல்ல. நீதான் சரிபண்ணியிருக்க. நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

நான் பிளக்கைப் பிடுங்கியதும் இந்த வாரம்தான். மணிக்குச் சேதி கொண்டுபோனது அந்தச் சாம்பல் பெட்டி. கத்த வேண்டிய வாயையே அடைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருந்திருக்கிறோம்.

"ஓடுங்கண்ணே! அறையெல்லாம் தெறங்க! ஓடுங்க!"

ஓக்னியென் காரை எடுத்தான். ஸ்தோயங்கா பின்னால் ஏறினாள், ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் ஏதாவது கேட்டால் என்ன சொல்வேன்? மலைப்பாதையில் ஒரு பழ டிராக்டர் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓக்னியென் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. எனக்கு அவனையும் பிடிக்கவில்லை, என் கைகளையும் பிடிக்கவில்லை.

முற்றத்தில் ஜூலை வெயில் கொளுத்தியது. அந்த வெயிலில், சுடும் சிமெண்டுத் தரையில், புதிமிரின் கோட்டுக்குள் மிலுதின் கிடந்தான். புருவத்தில் பனி இன்னும் கரையவில்லை. விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. ஸ்தோயங்கா அவன்மேல் விழுந்து, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று அலறினாள்.

மூன்றாம் அறையைத் திறந்து புதிமிர் அப்போதுதான் அவனை இழுத்து வந்திருந்தார், கதவின் உள்கைப்பிடி பனி இறுகி அசையவில்லையாம். போன் வெளியே கழற்றி மாட்டிய சட்டையின் பையில் இருந்திருக்கிறது.

மிலுதின் கண்ணைத் திறந்தான். என்னைத்தான் முதலில் பார்த்தான்.

"மணி அடிச்சேன் நெவெனா… விடாம அடிச்சேன். எல்லாரும் எங்க வீட்டுலதான சாப்பிட்டுட்டு இருப்பாங்க, அதான் யாருக்கும் கேக்கலன்னு நெனச்சேன்."

பிறகு மனைவியிடம் திரும்பி, "ரொட்டி?" என்றான்.

"நீங்க வந்துதான் பிடிக்கணும்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். ஒன்றுகூட மடங்கவில்லை. ஆம்புலன்ஸ் அவனையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போனது. எத்தனை விரல் மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்று போகுமுன் சொன்னார் ஆம்புலன்ஸில் வந்த டாக்டர்.

நான் நேராகச் சர்வர் அறைக்குப் போய்ச் சாம்பல் பெட்டியின் பிளக்கைச் சொருகினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தெரிந்தே செய்தேன். பெட்டி முனகி, ஒரு விளக்கு எரிந்தது. அடுத்த நொடி காவலறை மணி கிடங்கே அதிரும்படி அலறத் தொடங்கியது. உள்ளே மிலுதின் அடித்து அடித்து அழுத்திய பொத்தான், அழுத்தியபடியே உறைந்து நின்றிருக்கிறது.

ஓக்னியென் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான். முகம் செத்திருந்தது.

"அணைங்க நெவெனா. தாங்க முடியல."

"அடிக்கட்டும்" என்றேன்.

மிலுதின் எவ்வளவு நேரம் அழுத்தினானோ, அவ்வளவு நேரமாவது நாங்கள் கேட்க வேண்டும்.