உத்தரியம் போல ஒரு போன் பை

“உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். கடல் வேலைய வுட்டுடுன்னு மட்டும் எப்பவும் கேக்காத.”

“வேற இன்னா வேணா கேக்கலாமா?”

“கேளு. லைட் ஹவுஸ் வேணும்னாகூட கேளு. பேத்து எடுத்தாந்து வூட்டாண்ட நட்டுடறேன்.”

“சரி. கேக்கல.”

கல்யாணத்தன்று ராயபுரம் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் போன வாடகை அம்பாசிடரின் பின் இருக்கையில் லியோனார்டும் ஜானட்டும் பேசிக்கொண்டது இது. கார் ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. மல்லிகைப்பூவும் புதுப் பட்டும் கலந்த வாசனையில் ஜானட்டுக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. அந்த நேரத்தில் அவன் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆறு வருடமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தாள்.

லியோனார்டுக்குத் துறைமுகத்தில் கயிறு போட்டில் வேலை. பெரிய கப்பல் உள்ளே நுழைந்ததும் மேலேயிருந்து தொடைப் பருமனுக்குக் கயிறு இறக்குவார்கள். சின்ன மோட்டார் போட்டில் போய் அதை வாங்கி, இழுத்து வந்து, கரையில் நிற்கும் ஆட்களிடம் சேர்க்க வேண்டும். “கப்பலுக்குத் தாலி கட்டற வேலை” என்பான். கயிறு விறைத்து அறுந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மதியம், போட்டில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று தெருவில் செய்தி வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருக்க, ஜானட் வாசலிலேயே நின்றாள். தெருமுனையில் வந்த ஒவ்வொரு சட்டையும் அவனுடைய சட்டையாகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறு சட்டையாகிப் போனது. இருட்டத் தொடங்கிய பிறகு அவனே கையில் பன்னோடு நடந்து வந்தான். அடிபட்டது இன்னொருவனுக்கு. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டதாம்.

அன்று, கடல் வேலையை விட்டுவிடுங்கள் என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அதற்குப் பதிலாக, நீங்கள் ஒரு செல்போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

வாங்கினான். ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வது?

முதல் போன் சட்டைப் பையில் இருந்தது. கயிற்றைப் பிடிக்கக் குனிந்தவுடன் கப்பலுக்கும் போட்டுக்கும் நடுவில் விழுந்து, ஒரு சின்ன வெளிச்சமாகக் கீழே இறங்கிப் போயிற்று. பர்மா பஜாரில் வாங்கிய இரண்டாவது போனை இடுப்பு பெல்ட்டில், ரெக்ஸின் உறையில் மாட்டிக்கொண்டான். கூட வேலை செய்யும் காஜா மொய்தீன் அதைப் பார்த்து, “இன்னா மாமு, துப்பாக்கியா? எஸ்.ஐ. ஆயிட்ட, சொல்லவே இல்ல” என்று கேட்டானாம். இரண்டாம் நாளே கயிறு அந்த உறையில் சிக்கி அவனையும் சேர்த்து இழுத்தது. காஜாதான் காலைப் பிடித்து நிறுத்தினான். பிறகு பேன்ட் பாக்கெட். போட்டுக்குள் தேங்கிய தண்ணீரில் அவன் குந்தி உட்கார்ந்ததில் போன் நனைந்தது. டி.வி.க்குப் பின்னால் சூட்டில் காயவைத்து அதை உயிர்ப்பித்தாள் ஜானட். அதற்கு மேல் அவன் போனைக் கரையிலேயே ஒரு தகரப் பெட்டியில் அணைத்து வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

அவள் வீட்டு போனிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஒரு பெண்குரல், அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. பதற்றமே இல்லாத குரல். அந்தப் பெண் துறைமுகத்தின் கடைசிக் கல்லில் தலைமுடி பறக்க உட்கார்ந்திருப்பதாகவும், அவன் எங்கே என்று அவளுக்குத் தெரிந்தும் சொல்ல மறுப்பதாகவும் ஜானட்டுக்குத் தோன்றும்.

அப்போதிருந்துதான் ஊரில் ஆண்கள் போனை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தாள். ஆட்டோக்காரர் ரப்பர் பேண்டு போட்டு ஹேண்டிலில் கட்டியிருந்தார். மீன் ஏலம் விடுகிறவர் தலைத்துண்டுக்குள் செருகியிருந்தார், மணி அடித்தால் துண்டையே உதறினார். லுங்கி மடிப்பில் கைக்குட்டையோடு சுருட்டியவர்கள், பனியனில் பை தைத்துக்கொண்டவர்கள், கம்பெனி கொடுத்த நாடாவில் கழுத்தில் மாட்டி நடக்கும்போதெல்லாம் வயிற்றில் இடிபட்டவர்கள். ஒருத்தருடையதும் குனிந்து நிமிர்கிற வேலைக்கு ஒத்துவராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் விடை கிடைத்தது. முன்வரிசையில் மண்டியிட்டிருந்த லியோனார்டின் காலருக்குள் பழுப்புக் கயிறு தெரிந்தது. சின்ன வயதிலிருந்து மாதா பேரில் அவன் போட்டிருக்கும் உத்தரியம். நெஞ்சில் ஒரு துணித் துண்டு, முதுகில் ஒரு துணித் துண்டு, இரண்டையும் சேர்க்கும் கயிறு. அத்தனை வருஷம் கடலில் குனிந்து நிமிர்ந்தும் அது ஒருநாளும் விழுந்ததில்லை. கழுத்தில் இருப்பதையே அவன் மறந்துவிட்டிருந்தான். முன்னால் இருப்பதைப் பின்னால் இருப்பது பிடித்துக்கொள்கிறது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஜானட் நின்றுகொண்டே இருந்தாள்.

கிழிந்த குடைத்துணியில் தைத்தாள். நெஞ்சுப் பக்கம் போனுக்குப் பை, உள்ளே தடித்த பிளாஸ்டிக், மேலே பட்டன். முதுகுப் பக்கப் பையில் துறைமுகத்துக்குள் நுழையும் பாஸும் பீரோ சாவியும், சரியாகப் போன் எடைக்கு. தோளில் அறுக்காமல் பட்டையான நாடா. அந்த நாடாவில் ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே தளர்வாகத் தையல் போட்டாள். கயிறு எப்போதாவது அதில் சிக்கினால் நாடாதான் அறுந்து போகவேண்டும், அவன் கழுத்து இல்லை.

சட்டைக்குள் மாட்டிப் பார்த்தான். குனிந்தான், குதித்தான், கட்டிலுக்கடியில் தவழ்ந்தான். போன் அவன் நெஞ்சிலேயே இருந்தது. மாடியில் குடியிருக்கும் ஃப்ளோரன்ஸ் அக்கா நாடாவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய உத்தரியமா, வேண்டுதலா என்று பக்தியோடு எடுத்து முத்தமிட்டார். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் மணி அடித்தது. “நைனா, மாதா கூப்பிடறாங்க, எடுத்துப் பேசு” என்றார் அக்கா. ஒரு வாரத்துக்குத் தெரு முழுக்க அதே பேச்சு.

எல்லாம் சரியாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. கூப்பிட்டால் எடுத்தான். “இன்னிக்கு ஒண்ணும் இல்ல, கடலு தூங்கிகினு கீது” என்பான். அந்த மாதம்தான் துறைமுகத்தில் கயிற்றுக் கிடங்குக்கு ஆள் கேட்டார்கள். கயிறு தெரிந்தவன் வேண்டும், கரையிலேயே வேலை. விருப்பமிருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சொல்லவேண்டும். காஜா ஒருநாள் டீ குடிக்க வந்தபோது இதைச் சொன்னான். லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜானட் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போட்டில் நிற்கும்போது உடம்பில் எடையே தெரியாது என்று அவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லும்போது அவன் முகம் அழகாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

அடுத்த வாரம் ஒரு மதியம். மழை வருமா வராதா என்று தெரியாத சாம்பல் வெளிச்சம். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது வீட்டு போன் அடித்தது. எடுத்தாள். யாரும் பேசவில்லை.

தூரத்தில் காற்று. அதற்குக் கீழே டுப், டுப் என்று ஏதோ ஒன்று. வைத்துவிடப் போனவள் நின்றாள். அது போட்டின் இன்ஜின். நெஞ்சில் இருக்கும் போனின் பட்டன் எதிலோ அமுங்கி, தானாகவே வீட்டுக்கு அடித்திருக்கிறது. போனின் முகத்தை உள்பக்கமாகவா வெளிப்பக்கமாகவா வைப்பது என்று யோசித்து, கண்ணாடி உடையாமல் இருக்கட்டும் என்று உள்பக்கமாக வைக்கச் சொன்னது அவள்தான். பட்டன்களைப் பூட்டி வைக்கவேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சின்னச் சத்தம் இருந்தது. அது இன்ஜினின் எதிரொலியா, அவன் நெஞ்சுத் துடிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் மரப்பலகையைத் தட்டியது. அவன் ஏதோ கோயில் பாட்டை வார்த்தை இல்லாமல் முனகினான். சட்டைத்துணி காற்றில் படபடத்தது. ஜானட் கண்ணை மூடினாள். சுவர்கள் நெகிழ்ந்தன, தரை மெல்ல ஏறி இறங்கியது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் அவனோடு கடலில் இருந்தாள். எடையே தெரியாதுதான். அவன் சொன்னது நிஜம்.

அப்புறம் காஜாவின் குரல் கேட்டது. “லியோனு, குனி, குனி.”

பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி ஒரு சத்தம். தண்ணீரில் ஏதோ ஓங்கி அடித்தது. பிறகு ஒன்றுமே இல்லை. காதுக்குள் அந்தச் சின்னச் சத்தம் மட்டும் இருந்தது, இப்போது மிக வேகமாக. அது இன்ஜின் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அவன் பேசினான். தலையணையில் பக்கத்தில் படுத்துப் பேசுவதுபோல அவ்வளவு கிட்டத்தில், ஆனால் அவள் ஒருநாளும் கேட்டிராத குரலில்.

“மாதாவே. வூட்டுக்கு அனுப்பிடு.”

கொஞ்ச நேரம் கழித்துக் காஜா எதையோ சொல்ல இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு தேவைக்கு மேல் நீண்டது. வீட்டில் சொல்லாதே என்று அவன் காஜாவிடம் கேட்டுக்கொண்டதும், சொல்லமாட்டேன் மாமு என்று காஜா சொன்னதும் அவளுக்குக் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

மாலையில் எப்போதும்போல வந்தான். கையில் பன். கால் கழுவிவிட்டு வந்து, “இன்னிக்கும் ஒண்ணும் இல்ல. கடலு நல்லா தூங்கிகினு இருந்துச்சி” என்றான்.

ஜானட் அவன் சட்டைப் பட்டன்களைத் தானே கழற்றினாள். நாடாவை அவன் தலைவழியாக எடுத்தாள். பை நனைந்திருந்தது. தளர்வாகத் தையல் போட்ட இடத்தில் நூல் பாதி பிரிந்திருந்தது. தோளில் ஒரு சிவந்த கோடு. நாடாவின் தடம் இல்லை, அதைவிட அகலம், கயிறு உரசிப் போன தடம்.

போனை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கடைசியாகப் போன அழைப்பு எது என்று திரையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்தான்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“எது வரைக்கும்?”

“சிரிச்ச வரைக்கும்.”

அவன் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பை நன்றாகத்தான் இருக்கிறது, போனின் பட்டன் பக்கத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டால் போதும், இன்னொரு தையல் போட்டுவிடு என்றான். அவள் கண்களைப் பார்க்கவில்லை.

ஜானட் மெஷினிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். எடுத்தவள், கோக்காமல் மறுபடி அங்கேயே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே எங்கோ ஒரு கப்பல் உள்ளே வருவதற்குச் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்த பிறகு அவன் தோளில் அந்தச் சிவந்த கோட்டின் மேல் கையை வைத்தாள்.

“கார்ல சொன்னத இப்ப மீறப் போறேன், கோச்சிக்காதீங்க” என்றாள். “கடல் வேலைய வுட்டுடுங்க. கரைக்கு வந்துடுங்க.”