காதில் விழாதவரை

சனிக்கிழமை சாயந்திரமானால் ஹரிப்ரசாத்தை வீட்டில் பிடிக்க முடியாது. மைசூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை மேலுக்கோட்டைக்குக் கூட்டிவந்து, கல்யாணிக் குளம், மலைமேல் நரசிம்மர், கீழே செல்வப்பிள்ளை கோயில் என்று பொழுது சாயும் நேரத்தில் நடத்திக் காட்டுவது அவர் வேலை. வங்கியில் ஓய்வு பெற்ற மனிதர், விஜயநகர் வீட்டில் ஒரே பேப்பரை மூன்று தரம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

இந்த வேலை அவருடைய அண்ணா ரங்காவுக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அப்பாவின் சிரார்த்தப் பந்தியில், எல்லோரும் கேட்க அதைச் சொல்லிவிட்டார். "பெருமாள் என்ன மியூசியத்து பொம்மையாடா? வேன்ல ஆள் ஏத்திண்டு போய்க் காட்டறயே." தம்பி பாதி இலையில் எழுந்து போனார். சிரார்த்தச் சாப்பாட்டில் பாதியில் எழுவது எத்தனை பெரிய தப்பு என்று இரண்டு பேருக்குமே தெரியும். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே ஊரில், நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்துகொண்டு, தலை நரைத்த இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்.

இப்போது அண்ணா ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தம்பி தினமும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். இன்று தாண்டாது என்று டாக்டர் சொன்னதாக மன்னி காலையில்தான் போனில் அழுதாள். அப்படியிருந்தும் ஹரிப்ரசாத் வேனில் ஏறினார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அண்ணா போய்விட்டால் பத்து நாள் தீட்டு, கோயில் படி மிதிக்கக்கூடாது. அதற்கு முன் செல்வப்பிள்ளை சன்னிதியில் அண்ணாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஓர் அர்ச்சனை செய்துவிட வேண்டும். உயிரோடு இருக்கிறவர் பேருக்குத்தான் அர்ச்சனை. நேரில் கேட்க முடியாத மன்னிப்பை அப்படியாவது கேட்டுவிடலாம் என்று அந்தப் பாழும் மனசுக்கு ஒரு நினைப்பு.

ஐந்தே முக்காலுக்குக் குளத்துப் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ப்ரத்யும்ன. அண்ணாவின் மகன். சண்டைக்குப் பிறகு அவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எந்தச் சேதியும் மன்னி வழியாகத்தான் வரும். அவனே கூப்பிடுகிறான் என்றால் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். போனை எடுக்காமல் மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

தீட்டு என்பது சேதி காதில் விழுந்த பிறகுதான். இதை அவருக்குச் சொன்னதே அண்ணாதான். ஹரிப்ரசாத்தின் கல்யாணத்தன்று விடியற்காலையில் டில்லியில் பெரியப்பா போய்விட்டார். போனை எடுத்த ரங்கா ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, பெண்ணும் பிள்ளையும் வண்டியேறின பிறகுதான் வாயைத் திறந்தார். தெரிந்துகொண்டே மணையருகில் நின்ற பாவம் தன் தலையோடு போகட்டும் என்றாராம்.

அதே அண்ணாவுக்காகத் தானும் காதை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார் தம்பி. காதில் விழாதவரை அண்ணா இருக்கிறார்.

மலைப்படி ஏறும்போது இரண்டாம் தரம் அதிர்ந்தது. நரசிம்மர் சன்னிதி வாசலில் மூன்றாம் தரம். வேனில் வந்தவர்களில் ஒருத்தி, கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்த வைஷாலி என்ற பெண், பக்கத்தில் நின்றிருந்தாள். "போன் அடிச்சுட்டே இருக்குதுங்க சார். அவசரமா இருக்கப் போவுது, எடுத்துப் பேசுங்க" என்றாள். அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் முன்னால் நடந்தார். இறங்கும்போது நாலாம் தரமும் அதிர்ந்தது. அதன் பிறகு சத்தமில்லை. பையனுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கீழே பெரிய கோயிலில் வழக்கமான கதையைச் சொன்னார். காணாமல் போன பெருமாளைத் தேடி ராமானுஜர் டில்லி பாதுஷா அரண்மனைக்கே போனார். அங்கே போய், செல்வப்பிள்ளையே வா என்று கூப்பிட்டார். கூப்பிட்ட உடனே விக்கிரகம் சலங்கை குலுங்க நடந்து வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ தடவை சொன்ன கதை. அன்று அவருக்கே கண் கலங்கியது.

ஏழேகாலுக்கு அர்ச்சனை நடந்தது. ரங்கா, திருவோணம் என்று குரல் நடுங்காமல் சொன்னார். துளசியை வாங்கி மேல்துண்டு முனையில் முடிந்துகொண்டார். மற்றவர்களைப் பிரகாரம் சுற்றச் சொல்லிவிட்டு, கோபுரத்துக்கு வெளியே வந்து, தானே போன் போட்டார்.

"ஏன் சித்தப்பா எடுக்கல?" ப்ரத்யும்ன தேம்பினான். "அஞ்சரைக்கு அப்பாக்கு நெனப்பு வந்துடுத்து. இன்னிக்கு சனிக்கிழமைதானே, ஹரி மேலுக்கோட்டைல இருப்பான், போனைப் போட்டு எங்காதுல வை, ஜனங்களுக்கு என்ன சொல்றான்னு நானும் கேக்கறேன்னார். நாலு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும், எடுத்தானான்னு கேட்டார். ஆறே முக்காலுக்குப் போயிட்டார்."

ஹரிப்ரசாத் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறே முக்கால். துண்டு முனையில் முடிந்திருந்த துளசியை விரல் தடவிக்கொண்டே இருந்தது.

தாயார் சன்னிதி பாக்கி இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டு வைஷாலி வெளியே வந்தாள். இனி நான் உள்ளே வரக்கூடாதம்மா, நீங்கள் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள் என்றார். முகத்தைப் பார்த்தவள் திரும்பி உள்ளே போனாள்.

"ப்ரத்யும்னா, போனை அண்ணா காதுகிட்ட வை."

"அப்பாக்கு இனிமே கேக்காது சித்தப்பா."

"தெரியும்டா. வை."

வைத்துவிட்டேன் என்று அவன் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு, வேனில் வருகிறவர்களுக்குச் சொல்லும் அதே உரத்த குரலில், கல்யாணிக் குளத்திலிருந்து ஆரம்பித்தார். படிகளைச் சொன்னார், மலையைச் சொன்னார், நரசிம்மரைச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பாதுஷா அரண்மனைவரை வந்துவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், கூப்பிட்ட உடனே என்ற இடத்தில் அவருக்குக் குரல் நின்றுபோயிற்று.

மறுமுனையில் ப்ரத்யும்ன போனை அப்பா காதிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.